ஸ்டேபிளும் டெவலப்பர் ரிலீஸும்: நடுவில் எவ்வளவு தூரம் விடலாம்?

சரி, கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், புரிந்துகொண்டது தப்பென்றால் திருத்துங்கள். உங்கள் குழுவில் எட்டுப் பேர். கடைகளுக்கான பில்லிங் தளம் ஒன்று நடத்துகிறீர்கள், அதன்மேல் வெளியாட்கள் பிளகின் (தளத்தோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) எழுதுகிறார்கள். கடைக்காரர்கள் ‘ஓடுவதைத் தொடாதீர்கள்’ என்கிறார்கள். பிளகின் எழுதுகிறவர்கள் ‘புது ஏபிஐ (பிளகின் தளத்தோடு பேசும் வழி) எப்போது’ என்று நச்சரிக்கிறார்கள். இரண்டு தரப்பையும் சமாளிக்க நம்பி ஓட்ட ஸ்டேபிள் என்று ஒரு பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை), புது வேலைக்கு டெவ் என்று ஒரு பிராஞ்ச் பிரித்தீர்கள். எட்டு மாதம் ஆயிற்று, இப்போது ஒன்றில் எழுதிய பேட்ச் (சிறு நிரல் மாற்றம்) மற்றதில் ஒட்ட மறுக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பழைய நாளில் செய்த மாதிரி இரட்டைப்படை எண்ணை ஸ்டேபிளுக்கும் ஒற்றைப்படை எண்ணை டெவலப்பர் ரிலீஸுக்கும் வைத்தால் ஒழுங்குக்கு வருமா என்று கேட்கிறீர்கள்.

வராது. லினக்ஸ்காரர்களே அந்த முறையை 2004-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். ஏன் கட்டினார்கள் என்று பார்த்தால் உங்கள் எட்டு மாதக் கதையே அங்கே பெரிய அளவில் நடந்திருப்பது தெரியும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2.0, 2.2, 2.4 என்று இரண்டாம் எண் இரட்டைப்படையாக இருந்தால் எல்லோருக்கும், 2.1, 2.3, 2.5 என்றால் உடைந்தாலும் பரவாயில்லை என்று ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2.4.0 வந்தது 2001 ஜனவரியில். 2.5 திறந்ததோ அதே வருடம் நவம்பரில். நடுவில் இருந்த பத்து மாதத்தில் புது வேலையைக் கொண்டுபோய்ப் போட வேறு இடமே கிடையாது, ஆக அதுவும் ஸ்டேபிள் என்று பேர் வைத்த 2.4-க்குள்ளேயே விழுந்தது. செப்டம்பரில் வந்த 2.4.10-இல் நினைவக மேலாண்மைப் பகுதியையே மாற்றினார்கள், ரிக் வான் ரீலின் வேலையை எடுத்துவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்சலியின் வேலையை வைத்தார்கள். ஓடும் வண்டியில் என்ஜினைக் கழற்றி வேறு என்ஜின் போட்ட மாதிரி. நவம்பரில் வந்த 2.4.15-இல் கோப்பு முறைமையை அன்மவுன்ட் செய்யும்போது தரவு கெட்டுப்போகும் பக் இருந்தது, சில நாளிலேயே 2.4.16 விட வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால் 2.5 பிரிந்ததும் அந்த 2.4.15-இலிருந்துதான். அதற்கப்புறம் 2.4-ஐக் கவனிக்கும் பொறுப்பு பிரேசிலைச் சேர்ந்த மார்செலோ டொசாட்டியிடம் போனது, அப்போது அவருக்கு வயது 18. (அந்த வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.)

இது, டெவலப்பர் கிளையைத் திறக்கத் தாமதித்ததால் வந்த வினை. அடுத்தது மூடத் தாமதித்ததால் வந்தது. 2.6.0 வெளியானது 2003 டிசம்பர் 17 அன்று, 2.4-க்கும் அதற்கும் கிட்டத்தட்ட மூன்று வருடம். மூன்று வருடம் யார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்? கெர்னலோடு மற்ற மென்பொருளையும் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோ நிறுவனங்கள் 2.5-இல் வந்த நல்ல சரக்கையெல்லாம் எடுத்துத் தங்கள் 2.4 கெர்னலில் ஒட்டின. ரெட் ஹாட் லினக்ஸ் 9-இல் இருந்தது பேருக்கு 2.4 கெர்னல்தான், ஆனால் என்பிடிஎல் என்ற புதிய த்ரெட் அமைப்புக்குத் தேவையானதை 2.5-இலிருந்து கொண்டுவந்து அதில் பொருத்தியிருந்தார்கள். இப்படி ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் நூற்றுக்கணக்கில் பேட்ச் போட்டபிறகு, மக்கள் கையில் ஓடியது கெர்னல் குழு சோதித்துப் பார்த்த ஸ்டேபிளே அல்ல, ஆளுக்கொரு விதமாய் ஒட்டுப்போட்ட சட்டை. டெவலப்பர் கிளை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. அன்றாட வேலைக்கு அதை யாரும் ஓட்டாததால் அதிலிருந்த பக் எல்லாம் 2.6 வெளியானபிறகுதான் ஆட்கள் கண்ணில் படவேண்டியிருந்தது.

2004 ஜூலையில் ஒட்டாவாவில் கூடிப் பேசியபோது 2.7 என்று ஒன்றைத் திறக்கவே வேண்டாம், எல்லாம் 2.6-இலேயே சிறு சிறு சுற்றாக நடக்கட்டும் என்று முடிவானது. அப்படியானால் நம்பி ஓட்ட எது இருக்கிறது என்று சத்தம் கிளம்பியது. 2005 மார்ச்சில் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் கிரிஸ் ரைட்டும் 2.6.11.1 என்று நான்காவது எண்ணோடு ஒரு வரிசையைத் தொடங்கினார்கள். இன்றுவரை அடிப்படையில் அதே ஏற்பாடுதான். இரண்டு வாரம் புதியவற்றை உள்ளே விடுவார்கள், அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), ஏழோ எட்டோ ஆர்சி ஆனதும் ரிலீஸ், ஆக 9 அல்லது 10 வாரத்துக்கு ஒன்று. வெளியான ஒவ்வொன்றின்மேலும் பக் திருத்தம் மட்டும் போடும் ஸ்டேபிள் வரிசை. அதில் பேட்ச் ஏறுவதற்கு வைத்திருக்கும் விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம்: உண்மையான பக்கைத் திருத்தவேண்டும், சூழ உள்ள வரிகளையும் சேர்த்து நூறு வரிக்கு மேல் போகக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் திருத்தம் ஏற்கனவே லினஸின் மரத்தில், அதாவது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் வைத்திருக்கும் மூல நிரலில், ஏறியிருக்கவேண்டும்.

ஆக, எண் எப்படி இருந்தாலும் சரி. பார்க்கவேண்டியது ஸ்டேபிளுக்கும் டெவலப்பர் ரிலீஸுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான். அது வாரக் கணக்கில் இருக்கும்வரை எந்த முறையும் வேலை செய்யும், மாதக் கணக்கில் போனால் எந்த முறையும் வேலை செய்யாது. உங்களுடையது எட்டு மாதம்.

பேர் வைக்கும் விஷயத்தில் ஒரு கதை மட்டும், ஏனென்றால் அதில் பயன் இருக்கிறது. டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் 1.0 என்று ஒரு அதிகாரப்பூர்வ ரிலீஸ் கிடையாது. 1995 கடைசியில் ஒரு சிடி விற்பனை நிறுவனம், வேலை முடியாமல் கிடந்த டெவலப்மென்ட் கோப்புகளை எடுத்து 1.0 என்று பேர் போட்டு விற்றுவிட்டது. நிறுவினால் ஒழுங்காக ஓடாது. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க டெபியன்காரர்கள் 1.0-வைத் தாண்டி 1.1 என்றே 1996 ஜூனில் வெளியிட்டார்கள். அதற்கப்புறம்தான் முடியாத பதிப்பின் கோப்பகத்துக்கு எண் வைப்பதை விட்டுவிட்டு டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பேரை வைக்கும் பழக்கம் வந்தது, அன்ஸ்டேபிளுக்கு (வேலை நடந்துகொண்டே இருக்கும் கிளை) இன்றுவரை சிட் என்றே பேர், அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன். நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது: வெளியாகும்வரை எதற்கும் வெளியீட்டு எண் கொடுக்காதீர்கள். டெவ் பில்டை 4.3 என்று கூப்பிட்டீர்கள் என்றால் ஒரு பிளகின்காரர் ‘4.3-இல் வேலை செய்கிறது’ என்று எழுதிவிடுவார், அப்புறம் நிஜமான 4.3 வரும்போது வேலை செய்யாது, பழி உங்கள்மேல்.

அதே டெபியன்தான் தூரம் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம். 2000-லேயே டெஸ்டிங் என்று ஒரு நடுத்தட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள்: அன்ஸ்டேபிளில் ஏறிய பேக்கேஜ், அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் அங்கே கிடந்து, புதிதாகக் கடுமையான பக் எதுவும் பதிவாகவில்லை என்றால் தானாகவே டெஸ்டிங்குக்கு நகரும். மனிதர் யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. மிக நல்ல ஏற்பாடு, ஆனாலும் 2002 ஜூலையில் வந்த வுடி என்ற ஸ்டேபிளுக்கு அடுத்த ஸ்டேபிளான சார்ஜ் 2005 ஜூனில்தான் வந்தது, இன்ஸ்டாலரைப் புதிதாக எழுதும் வேலை முடியக் காத்திருந்தது அதில் பெரிய பங்கு. ஒரு வேலை முடியவில்லை என்பதற்காக ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் வாசலில் நின்றன. அந்த மூன்று வருடத்தில்தான் நிறையப் பேர் சலித்துப்போய் டெஸ்டிங்கையே சர்வரில் போட ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், ஸ்டேபிள் ரொம்பப் பழையதாகிவிட்டால் ஆட்கள் பொறுமையாக இருப்பதில்லை, டெவலப்பர் ரிலீஸை எடுத்துத் தொழிலுக்கு ஓட்டுவார்கள். உங்கள் கடைகளில் எத்தனை ஏற்கனவே டெவ் பில்டில் ஓடுகின்றன என்று விசாரித்துப் பாருங்கள், ‘ஒரு பிளகினுக்காக மட்டும்’ என்று நாலைந்தாவது அகப்படும்.

சரி, என்ன செய்யலாம்.

முதலில் டெவ் என்று தனி பிராஞ்ச் இருப்பதையே விடுங்கள். மெயின் ஒன்றுதான், எல்லோரும் அதில்தான் எழுதுகிறார்கள், எந்த நாளும் அது பில்ட் ஆகி ஓடவேண்டும். ஸ்டேபிள் என்பது மெயினிலிருந்து குறிப்பிட்ட நாளில் வெட்டும் கிளை, வெட்டியபிறகு அதில் திருத்தம் மட்டும். டெவலப்பர் ரிலீஸ் என்பது மெயினிலிருந்து வாரம் ஒருமுறை தானாக வரும் பில்ட். அவ்வளவுதான் அமைப்பு. பாதி முடிந்த வேலை மெயினில் இருந்தால் என்ன செய்வது என்று உடனே கேட்பீர்கள், பூட்டி வைக்கவேண்டும். ரஸ்ட் மொழியில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள், தினம் நைட்லி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து பீட்டா, அடுத்த ஆறு வாரத்தில் அந்த பீட்டாவே ஸ்டேபிள். முடியாத வசதியின் நிரல் ஸ்டேபிள் கம்பைலருக்குள்ளும் இருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்த முயன்றால் பிழை சொல்லி நிறுத்திவிடும். நைட்லியில், அதுவும் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கேட்டால் மட்டும் திறக்கும். 2015 மே மாதம் 1.0 வந்ததிலிருந்து இந்த வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது. ஒரு வசதி தயாராகவில்லையா, அடுத்த வண்டியில் வரட்டும். வண்டி யாருக்காகவும் நிற்காது என்பது தெரிந்துவிட்டாலே ‘இதையும் எப்படியாவது உள்ளே தள்ளிவிடுங்கள்’ என்ற கடைசி நேரக் கெஞ்சல் பாதி குறைந்துவிடும், மீதிப் பாதி ஆட்களைப் பொறுத்தது.

எட்டுப் பேருக்கு ஆறு வாரம் என்பது நெருக்கடி, உங்களுக்குப் பொருந்தக்கூடியது, பில்ட் வேலைகளைத் தானாகச் செய்யும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருளின் மாதிரிதான் என்பது என் கருத்து. அவர்களிடம் வாரம் ஒரு ரிலீஸ் உண்டு. 12 வாரத்துக்கு ஒருமுறை அந்த வாராந்திர ரிலீஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு அடித்தளமாக வைக்கிறார்கள், அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை திருத்தங்கள் சேர்ந்த சிறு ரிலீஸ். இதில் எனக்குப் பிடித்தது, கடைசியாக வந்த வாராந்திர ரிலீஸையே கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை, சில வாரமாக ஆட்கள் ஓட்டிப் பார்த்து ‘இது பரவாயில்லை’ என்று சொன்ன ஒன்றை எடுக்கிறார்கள். மரத்தில் பழுத்ததைப் பறிக்கிறார்கள், பறித்துவந்து புகை போடுவதில்லை.

நடுவில் ஆல்பா, பீட்டா, ஆர்சி என்று மாடி மாடியாகக் கட்டவேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் 2011-இல் நைட்லிக்கும் பீட்டாவுக்கும் நடுவே அரோரா என்று ஒரு தட்டு வைத்தார்கள். எதிர்பார்த்த பயன் அதனால் கிடைக்கவில்லை என்று 2017 ஏப்ரலில் அவர்களே எடுத்துவிட்டார்கள். மொசில்லாவுக்கே அப்படியென்றால், முந்நூறு கடை வைத்திருப்பவருக்கு நாலாவது தட்டில் யார் உட்கார்ந்து சோதிப்பார்கள்? ஆள் ஓட்டாத பில்ட் வெறும் கோப்பு. உங்களுக்கு வாராந்திர பில்ட், ஸ்டேபிள், இரண்டுக்கும் நடுவே ஸ்டேபிள் ஆகப்போவதை இரண்டு மூன்று வாரம் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்ட பத்துப் பதினைந்து கடைகள், போதும். அந்தக் கடைகளுக்குச் சந்தாவில் ஏதாவது குறைத்துக் கொடுங்கள், சும்மா யாரும் வரமாட்டார்கள்.

இனி, திருத்தம் எந்தத் திசையில் போகவேண்டும் என்பது. கெர்னல்காரர்கள் ‘முதலில் லினஸின் மரத்தில்’ என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று எனக்கு அனுபவித்துத்தான் புரிந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு குழுவில், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு ஜவுளிக்கடையில் துணியைத் திருப்பிக் கொடுத்தால் தள்ளுபடி இரண்டுமுறை கழிகிறது என்று போன் வந்தது. கடையில் கூட்டம், முதலாளி கத்துகிறார். நான் நேராக ஸ்டேபிள் பிராஞ்சில் இரண்டு வரி மாற்றி, பில்ட் போட்டு, அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, எல்லோரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். மெயினில் அதைப் போட திங்கட்கிழமை நினைத்துக்கொண்டேன், செவ்வாய்க்கிழமை மறந்துவிட்டேன். பொங்கல் முடிந்து மெயினிலிருந்து வெட்டிய புது ஸ்டேபிள் போனது. அதே கடை, அதே முதலாளி, ஆனால் இந்தமுறை கத்தவில்லை. ‘ஏன் தம்பி, போன தீபாவளிக்குத்தானே சரி பண்ணிக் கொடுத்தீங்க, மறுபடி எப்படி வந்துச்சு?’ என்று நிதானமாகக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

அதனால் விதி ஒன்றே ஒன்று: திருத்தம் முதலில் மெயினில், அங்கிருந்து செர்ரி-பிக் செய்து, அதாவது அந்த ஒரு கமிட்டை (பதிவுசெய்த மாற்றத்தை) மட்டும் நகலெடுத்து, ஸ்டேபிளுக்கு. செர்ரி-பிக் கட்டளையில் மைனஸ் எக்ஸ் சேர்த்துப் போடுங்கள், மூலக் கமிட்டின் எண் செய்தியிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து ‘இது எங்கிருந்து வந்தது’ என்று தேடவேண்டியதில்லை. ஸ்டேபிளில் ஏறும் கமிட்டில் அந்த வரி இல்லையென்றால் நிராகரிக்கும்படி சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஒரு சோதனை எழுதிவிடலாம், பத்து வரி ஸ்கிரிப்ட். மெயினில் அந்தப் பகுதியே மாறிப்போய்விட்டது, அங்கே அந்த பக் இல்லை என்கிற நிலை வரும். அப்போது மட்டும் விதிவிலக்கு, ஏன் என்று கமிட் செய்தியில் ஒரு வரி. கடை எரிகிறது, மெயினில் போட நேரமில்லை என்பது விதிவிலக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவே தூரம் குறைவாக இருந்தால் மெயினில் போடுவதற்கு ஐந்து நிமிடம்தான் கூட ஆகும். ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரை நாள் ஆகிறதென்றால் கிளைகள் விலகிப்போய்விட்டன என்று அர்த்தம், அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

எது திருத்தம், எது புது வசதி என்று சண்டை வரும். வரட்டும், ஒரு ஆளை நியமியுங்கள், அவர் சொன்னால் சொன்னதுதான். பில்லிங் தளத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி 12, 28 சதவீத அடுக்குகளைப் பெரும்பாலும் ஒழித்து 5, 18 என்று ஆக்கியது, செப்டம்பர் 22 முதல் அமல். பத்தொன்பது நாள். அது திருத்தமா வசதியா என்று விவாதம் நடத்த நேரமில்லை, எல்லாக் கடைக்கும் போயாகவேண்டும், எந்தப் பதிப்பில் இருந்தாலும். வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதி வைத்திருந்தவர்கள் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஸ்டேபிளுக்கும் தனித்தனியாக ரிலீஸ் விட்டார்கள். அதைத் தேதியோடு சேர்த்து டேட்டாவாக வைத்திருந்தவர்கள் ஒரு அட்டவணையை அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார்கள். அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது எதுவும் ரிலீஸ் வண்டியில் ஏறக்கூடாது, அதற்குத் தனிப் பாதை.

டேட்டாபேஸ்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கும் இடம், முதலில் யோசித்திருக்கவேண்டிய இடமும் அதுதான். பிளகின்காரர் ஒருவர் வாராந்திர பில்டை நிறுவுகிறார், அது திறந்ததும் ஸ்கீமாவை (டேட்டாபேஸின் அட்டவணை அமைப்பை) மாற்றிவிடுகிறது, பிடிக்காமல் ஸ்டேபிளுக்குத் திரும்புகிறார், ஸ்டேபிள் அந்த டேட்டாபேஸைப் பார்த்து முழிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் என்று ஆக்கிவிட்டார்கள், புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கப் பார்த்தால் எச்சரித்து நிறுத்தும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டெவ் பில்ட் தனி ஃபோல்டர், தனி டேட்டாபேஸ் பெயர், தனி போர்ட், ஸ்டேபிளுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம், அதன் டேட்டாவைத் தொடாது. வேண்டுமென்றால் நகல் எடுத்துக்கொள்ளும். திரையின் மேல்பட்டி வேறு நிறத்தில் இருக்கட்டும், நல்ல ஆரஞ்சு. ஸ்கீமா மாற்றத்தையும் மூன்று ஸ்டேபிளாகப் பிரித்துவிடுங்கள்: ஒன்றில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டு இடத்திலும் எழுதி, புதியதிலிருந்து படியுங்கள், அடுத்ததில் பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள், அதற்கும் அடுத்ததில் பழையதை நீக்குங்கள். அப்படிச் செய்தால் ஒரு ஸ்டேபிள் பின்னால் போவது எப்போதும் சாத்தியம். இரண்டு படி பின்னால் போகமுடியாது, அதற்கு பேக்கப்தான்.

பிளகின் எழுதுகிறவர்கள் பக்கம் வருவோம், டெவலப்பர் ரிலீஸ் அவர்களுக்காகத்தானே. அவர்களுக்குத் தேவைப்படுவது புது ஏபிஐ-யைவிட, எது எப்போது உடையும் என்ற தகவல். பிளகின் ஒவ்வொன்றும் தனக்குத் தேவையான குறைந்தபட்சத் தளப் பதிப்பை அறிவிக்கவேண்டும், அதற்குக் கீழே இருந்தால் தளம் அதை ஏற்றக்கூடாது. ஒரு ஏபிஐ-யை எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு முழு ஸ்டேபிள் சுற்று அது எச்சரிக்கையோடு வேலை செய்யட்டும். அப்புறம், ரஸ்ட்காரர்கள் கிரேட்டர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், பொதுவில் கிடைக்கும் ரஸ்ட் தொகுப்புகளையெல்லாம் புதிய கம்பைலரில் கம்பைல் செய்து எது உடைகிறது என்று பார்ப்பதற்கு. அந்த அளவுக்கு உங்களுக்கு வேண்டாம். அதிகம் பயன்படும் இருபது பிளகினை எடுத்து, ஒவ்வொரு வாராந்திர பில்டிலும் ஏற்றி, ஒரு பில் போட்டு, ஒரு ரிட்டர்ன் போட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினால் எண்பது சதவீத வம்பு முன்கூட்டியே தெரிந்துவிடும் (எண்பது என்பது என் கைக்கணக்கு, ஆதாரம் கேட்காதீர்கள்).

எத்தனை ஸ்டேபிளுக்கு ஆதரவு? இரண்டு. இப்போதையது, அதற்கு முந்தையது. கெர்னலில்கூட நீண்டகால ஆதரவு வரிசைகளை ஆறு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று 2023-இல் இனி இரண்டு வருடம்தான் என்று அறிவித்தார்கள். ஒரு பெரிய கடை ‘நாங்கள் மூன்று வருடம் மாறமாட்டோம்’ என்றால் அதற்குத் தனி விலை சொல்லுங்கள், வாய் கூசாமல் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த விலை கட்டாவிட்டால் உங்கள் எட்டுப் பேரில் ஒருவர் முழுநேரமாக அந்தக் கடைக்குப் பழைய பேட்ச் தைத்துக்கொண்டிருப்பார்.

ரிலீஸ் நாளைக் கடைகளின் காலண்டரைப் பார்த்து வையுங்கள். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னால் ஸ்டேபிள் போயிருக்கவேண்டும், அப்புறம் பண்டிகை முடியும்வரை பாதுகாப்புத் திருத்தம் தவிர எதுவும் கிடையாது. மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் கணக்கு முடிக்கும் நேரம், அப்போதும் அதேதான். இந்த இரண்டையும் கழித்துவிட்டு 12 வாரச் சுற்றைப் பொருத்தினால் வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு ஸ்டேபிள் வரும். போதும்.

பதிப்பு எண் கேட்டீர்களே, வருடமும் மாதமும் வைத்துவிடுங்கள், உபுண்டு 24.04 மாதிரி, கடைக்காரருக்கும் தன்னுடையது எவ்வளவு பழையது என்று தானாகவே புரியும். டெவ் பில்டுக்கு எண் இல்லை, தேதியும் கமிட்டின் முதல் ஏழு எழுத்தும் மட்டும். அதைப் பிழைத் திரையில் பெரிதாக அச்சிடுங்கள், ஏனென்றால் உங்களுக்கு வரப்போவது லாக் கோப்பு இல்லை, வாட்ஸ்அப்பில் கோணலாக எடுத்த மானிட்டர் போட்டோ.

இப்போதைய சிக்கலிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதுதான் மிச்சம். டெவ்வை ஸ்டேபிளுக்குள் மெர்ஜ் செய்யாதீர்கள், தலைகீழாகவும் வேண்டாம், இரண்டு நாள் கான்ஃபிளிக்ட் தீர்த்துவிட்டு எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். டெவ்தான் இனி மெயின் என்று அறிவித்துவிடுங்கள். ஸ்டேபிளில் மட்டும் இருக்கும் திருத்தங்களை ஒவ்வொன்றாக அதற்குக் கொண்டுவாருங்கள், தேவையில்லாதவற்றைத் தேவையில்லை என்று எழுதி ஒதுக்குங்கள். டெவ்வில் பாதியில் நிற்கும் வசதிகளைப் பூட்டுங்கள். அதிலிருந்து ஒரு கிளை வெட்டி, ஒத்துக்கொண்ட பத்துக் கடையில் மூன்று வாரம் ஓட்டி, அதைப் புதிய ஸ்டேபிளாக விடுங்கள். பழைய ஸ்டேபிளுக்கு அன்றிலிருந்து ஆறு மாதம், அதற்கப்புறம் கிடையாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். இந்த நேரத்தில் புது வசதி எதுவும் எழுதக்கூடாது, ஒருவரும்.

எவ்வளவு நாள் பிடிக்கும் என்று தெரிய முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டில் செர்ரி என்றே ஒரு கட்டளை இருக்கிறது, செர்ரி-பிக் இல்லை, வெறும் செர்ரி. அதற்கு டெவ், ஸ்டேபிள் என்று அந்த வரிசையில் இரண்டு பிராஞ்ச் பெயரையும் கொடுத்தால் ஸ்டேபிளில் மட்டும் உள்ள கமிட்டுகளைப் பட்டியலிடும். அதே மாற்றம் டெவ்விலும் இருந்தால் வரியின் முன்னால் கழித்தல் குறி, இல்லாவிட்டால் கூட்டல் குறி. கூட்டல் குறிகளை எண்ணுங்கள். நாற்பது ஐம்பது என்றால் இரண்டு பேர் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். நானூறு என்று வந்தால் அந்தப் பட்டியலோடு திரும்ப வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.